இடுப்பு பெல்ட்: யாருக்கு உதவும், யாருக்குக் காசு தண்டம்

முதுகு வலி என்றதும் மெடிக்கல் ஷாப்பில் எடுத்து நீட்டுவது இந்த பெல்ட்டைத்தான். அகலமான எலாஸ்டிக் பட்டை, முதுகுப் பக்கம் தகடுகள், முன்னால் வெல்க்ரோ, இறுக்கிக்கொள்ள இருபுறமும் தனிப் பட்டை. சேலம் லீ பஜாரில் மூட்டை தூக்குபவருக்கும், செவ்வாய்ப்பேட்டையில் குனிந்து கொலுசு பற்றவைப்பவருக்கும் ஒரே பெல்ட்டைக் கொடுத்துவிடுகிறார்கள். கோளாறே அங்கேதான்.

முதலில் அளவு. பேண்ட் சைஸைச் சொல்லி வாங்காதீர்கள். பேண்ட் தொப்பைக்குக் கீழே நிற்கும். பெல்ட்டுக்குத் தொப்புள் மட்டத்தில் டேப் பிடிக்க வேண்டும். 34 போடுபவருக்கு அங்கே 37, 38 கூட வரும். கடையிலேயே கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். தொடை மடிப்பில் குத்தினாலோ விலாவில் இடித்தாலோ அந்த அகலம் உங்களுக்கு ஆகாது. கட்டும்போது நின்றபடி பெரிய பட்டையை ஒட்டிவிட்டு, பக்கப் பட்டைகள் இரண்டையும் சேர்த்து ஒரே அளவாக இழுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் தகடு நடுமுதுகை விட்டு ஒதுங்கிவிடும். உள்ளே இரண்டு விரல் நுழைகிற இறுக்கம் போதும்.

நின்று தூக்குபவர்களுக்கு இது உதவும். இடுப்பை வளைத்தால் தகடு அழுத்தும். வேறு வழியில்லாமல் முட்டி மடங்கும். பெல்ட்டின் பலன் பெரும்பாலும் இந்த ஞாபகப்படுத்தல்தான். முதுகில் அடிபடாமல் பெல்ட் காக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் 1994-லேயே சொல்லிவிட்டது. ‘அதான் கட்டியிருக்கோமே’ என்று கூடுதலாக ஒரு மூட்டை ஏற்றினால் வம்பு.

20 லிட்டர் தண்ணீர் கேனையே எடுத்துக்கொள்ளுங்கள், எடை 20 கிலோவுக்கு மேல். கேனை ஒட்டி நின்று, கால்களை அகட்டி, ஒரு காலைச் சற்று முன்னால் வையுங்கள். பின்புறத்தைப் பின்னுக்குத் தள்ளி முட்டியை மடக்கி, கேனை வயிற்றோடு அணைத்த பிறகே எழ வேண்டும். கையை நீட்டித் தூக்கினால் அதே 20 கிலோ இடுப்புக்குப் பல மடங்காகும். திரும்பும்போது பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். தூக்கிய சுமையோடு இடுப்பைத் திருகுவதில்தான் பலருக்குப் பிடித்துக்கொள்கிறது.

தரையில் சம்மணமிட்டு வேலை செய்பவர்களுக்கு எங்கள் பதில்: வேண்டாம். உட்கார்ந்ததும் பெல்ட் மேலேறி விலாவில் முட்டும், முன்பக்கம் வயிற்றை அமுக்கும். அம்மாப்பேட்டைத் தறிக்காரர்களுக்குக் கூடுதல் தொல்லை, வெல்க்ரோவின் முள் பட்டு இழையைப் பிடித்து இழுத்துவிடும். அவர்களுக்குக் காசில்லாத வழி இருக்கிறது. ஜமுக்காளத்தை மடித்து மூன்று, நான்கு அங்குல உயரத்துக்குப் புட்டத்தின் கீழ் வையுங்கள். இடுப்பு முட்டியைவிட உயர்ந்தால் கீழ்முதுகு கூன் போடாது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, கைகளை இடுப்பில் ஊன்றி, வலி கூடாத அளவுக்கு ஐந்து முறை மெதுவாகப் பின்னால் சாயுங்கள்.

ஏற்காடு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவுக்கும் பெல்ட் பெரிதாக ஒன்றும் செய்யாது. பின்சக்கரத்துக்கு மேலே உட்காராமல் நடு சீட்டைப் பிடியுங்கள், பாதம் இரண்டையும் ஊன்றிக்கொள்ளுங்கள். இறங்கியதும் பையைத் தூக்காமல் இரண்டு நிமிடம் நடங்கள்.

கனமான வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள், கட்டிக்கொண்டு தூங்கக் கூடாது. குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் கட்ட வேண்டாம். கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுக்குள் இல்லாவிட்டாலோ பெல்ட்டை மறந்துவிட்டு உடனே ஆஸ்பத்திரி.

சேலத்துச் சித்திரை வெயிலுக்கு ரப்பர் மாதிரி தடித்த ரகம் வேர்க்குருவைக் கொண்டுவரும். ஓட்டை ஓட்டையான துணி ரகம் வாங்கி, பனியன் மேலே கட்டுங்கள். துவைக்குமுன் தகடுகளை உருவிவிட்டு வெல்க்ரோவை ஒட்டிவிடுங்கள். கையால் அலசி நிழலில் உலர்த்தினால் எலாஸ்டிக் தொய்யாது. வெல்க்ரோ பிடிக்கவில்லையென்றால் அநேகமாக நூல் பிசிறுதான் காரணம், பழைய பல் பிரஷ்ஷால் கிளறி எடுத்தால் மறுபடி பிடிக்கும்.