அப்பாவின் பெஜோ 504ஐ ஆபிரிக்காவுக்குத் தயார் செய்த கராஜ்: 6,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு எழுதுவது

கராஜிலிருந்து கார் வெளியே வந்த அன்றே ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்களை நான் நம்புவதில்லை. பெயின்ட் மினுங்கும், கதவு சத்தமில்லாமல் சாத்தும், போதாததற்கு இஞ்சிப் பிளேன்டியும் தருவார்கள். அந்த நேரத்தில் யாருக்குத்தான் குறை தெரியும்? நான் எட்டு மாதம் பொறுத்து எழுதுகிறேன். இடையில் அந்தக் கார் கென்யாவின் மொம்பாசாவில் இறங்கி, தென்னாபிரிக்காவின் டர்பன் வரைக்கும் ஓடித் திரும்பியிருக்கிறது.

கராஜ் காத்தான்குடியில், வாவிப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. இருந்தாலும் பெயரை எழுத மாட்டேன், குறையும் சொல்லப் போகிறேன், நாளைக்கும் கராஜ்க்கார நானாவின் முகத்தில் முழிக்க வேண்டும்.

கார் 1978ஆம் ஆண்டு பெஜோ 504, நடுவில் ஸ்ரீ எழுத்து இருக்கிற பழைய நம்பர். எழுபதுகளில் இங்கிருந்து நிறைய வாத்திமார் சாம்பியாவுக்குப் போனார்கள், அப்பாவும் போய்க் கப்வே என்ற ஊரில் கணக்குப் படிப்பித்தார். அங்கே ஓட்டிய 504ஐ மறக்க முடியாமல், திரும்பி வந்ததும் கொழும்பெல்லாம் அலைந்து இன்னொரு 504 வாங்கினார். அவர் காலமாகி ஆறு வருடமாகிறது. இந்தக் காரை ஒரு தடவையாவது கப்வே ரோட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் விசர். விசர் என்ற சொல் என்னுடையது அல்ல, என் மனைவியுடையது.

நானா காரைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். "கார் போகும் தம்பி. நீங்க போவீங்களோ தெரியா" என்றார். ஆறு கிழமையில் தருவதாகச் சொன்னவர் ஐந்து மாதம் எடுத்தார். முதலில் நோன்பு வந்தது, பிறகு பெருநாள், அதற்குப் பிறகு ஒட்டு வேலை (வெல்டிங்) செய்கிற பொடியன் கட்டாருக்குப் போய்விட்டான். தொலைபேசியில் கேட்டால் "நாளைக்கு வாங்க" என்ற ஒரே பதில்தான். இந்தக் கராஜின் பெரிய குறை இதுதான், கப்பலில் இடம் பிடித்து வைத்திருக்கிறவர்கள் இரண்டு தடவை யோசியுங்கள். நான் முதல் தடவை பிடித்த இடம் கைவிட்டுப் போனது. கணக்கும் கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில்தான் வந்தது: நான்கு இலட்சத்துப் பதினெட்டாயிரம், சாமானும் கூலியும் ஒன்றாய்க் கலந்து.

இனி வேலை. 504இன் எஞ்சினுக்குக் கீழே இரும்புப் பிளொக், மேலே அலுமினிய ஹெட். ஒரு தடவை நன்றாகக் கொதித்தால் ஹெட் கோணிவிடும், அதன் பிறகு கதை முடிந்தது. நானா அதனால் ரேடியேட்டரில்தான் முதலில் கை வைத்தார். தண்ணீர் ஓடுகிற உள்பகுதியான பழைய கோரை வெட்டி எறிந்துவிட்டு, தடித்த செம்புக் கோர் போட்டு, இரவு முழுக்கத் தண்ணீர் நிரப்பி வைத்துப் பார்த்தார். இந்தக் காரின் ஃபேனில் ஒரு மின்காந்தக் கிளச் இருக்கும், சூடு ஏறினால் மட்டும் ஃபேனைப் பிடித்துச் சுற்றும், அந்தக் காலத்துக்கு அது நல்ல புத்தி. நானா அதைக் கழற்றி, நேரே போல்ட் போட்டு இறுக்கிவிட்டார். "எந்நேரமும் சுத்தட்டும், வயர் போனாலும் காத்து வரும்." பெற்றோல் கொஞ்சம் கூடக் குடித்தது உண்மை. ஆனால் 6,000 கிலோமீட்டரிலும் சூட்டு முள் நடுவைத் தாண்டவில்லை. இந்த ஒரு வேலைக்கு மட்டும் நட்சத்திரம் போடுவதென்றால் பத்துப் போடுவேன்.

கறள் வேலையும் அப்படித்தான். கடற்கரைக் காற்றில் நாற்பது வருடம் நின்ற காருக்கு அடித்தகடு எப்படி இருந்திருக்கும் என்று மட்டக்களப்பு ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கதவுக்குக் கீழே விரலை வைத்தால் உள்ளே போனது. வெட்டி ஒட்டிய இடங்களில் ஒன்றுகூட விடவில்லை.

கப்பல் கதையை நீட்ட மாட்டேன். கொழும்பில் இருபதடிக் கொள்கலனில் ஏற்றி மொம்பாசாவில் இறக்கினோம், நானும் மச்சானும் விமானத்தில் போனோம். காருக்கென்று கார்னே என்ற கடவுச்சீட்டு ஒன்று எடுக்க வேண்டும், காரை அங்கே விற்றுவிடாமல் திருப்பிக் கொண்டுவருவோம் என்பதற்குப் பிணைக் காசும் கட்ட வேண்டும். தன்சானிய எல்லையில் ஒரு அதிகாரி நம்பர் பிளேட்டில் இருந்த சிங்கள ஸ்ரீ எழுத்தைப் பார்த்துவிட்டு, இது எழுத்தா படமா என்று கேட்டார். தாளில் ஆங்கில எழுத்தில் இருப்பதும் இதுவும் ஒன்றுதான் என்று விளங்க வைக்க முக்கால் மணித்தியாலம் போனது. போகிறவர்கள் ஆங்கில எழுத்தில் இன்னொரு பிளேட் அடித்துக்கொண்டு போங்கள். நானாவிடம் கேட்டால் அடித்துத் தருவார், நான்தான் கேட்கவில்லை.

மொம்பாசாவில் கார் இறங்கியதும் சுற்றி நின்ற கிழவர்கள் "பெஜோ! பெஜோ!" என்று பொனட்டைத் தட்டினார்கள். ஒரு காலத்தில் அந்த நகரத்திலேயே 504ஐ ஒன்றுகூட்டியிருக்கிறார்கள், 1975இலும் 1978இலும் சஃபாரி ரலி என்ற கென்யாவின் கார்ப் பந்தயத்தை வென்றதும் 504தான். நாங்கள் அரும்பொருள் போலப் பொத்திப் பொத்திக் கொண்டுபோன சாமான் அங்கே பழைய டாக்சி. எனக்குக் கொஞ்சம் முகம் விழுந்துவிட்டது. மச்சான் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தான்.

சரி, குறைகளுக்கு வருவோம். முதலாவது முன் சொக், சக்கரத்தின் குலுக்கலை அடக்குகிற சாமான். பெட்டியைக் காட்டி "இது ஐரோப்பாச் சாமான்" என்று நானா சொன்னார், நானும் நம்பினேன். தன்சானியாவில் மொரோகோரோவைத் தாண்ட முன்னமே இடப்பக்கத்துச் சொக் எண்ணெய் கக்கியது. மிக்குமி பூங்காவுக்குள்ளால் பிரதான வீதி போகிறது, மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, விலங்கை அடித்தால் தண்டம். நாங்கள் அதற்கும் கீழே, படகு போல ஆடி ஆடிப் போனோம். யானை குறுக்கே வந்தது. அம்பாறை ரோட்டில் பழகியவர்கள் என்பதால் எஞ்சினை நிறுத்தாமல், ஹோர்ன் அடிக்காமல் சும்மா நின்றோம். அதற்கு அப்பால் ருவாஹா ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுக்கப் பெருக்கமரம். மன்னாரில் ஒன்றிரண்டைக் காட்டிப் படம் எடுக்கிறோமே, அங்கே மலைச்சரிவெல்லாம் அதுதான்.

இரண்டாவது காபரேட்டர், காற்றையும் பெற்றோலையும் கலக்கிற சாமான். இதை முழுக்கக் குறை என்றும் சொல்ல முடியாது. நானா டியூன் பண்ணியது வாவிக் கரையில், கடல்மட்டத்தில். இரிங்கா ஏறக்குறைய 1,600 மீற்றர் உயரம், அங்கே காற்றில் ஆறில் ஒரு பங்கு குறைவு. பெற்றோல் மட்டும் பழைய அளவில் ஊற்றினால் பிளக் கரி பிடிக்கும், ஏற்றத்தில் கார் இருமும். எங்களுக்கு இரண்டும் நடந்தது. வட்ஸ்அப்பில் நானாவைப் பிடித்தேன். இரவு பதினொரு மணி, ஆனாலும் எடுத்தார். "டாஷ்போட்டுக்குள்ள ஒரு தீப்பெட்டி இரிக்கும், பாருங்க" என்றார். பார்த்தால் உள்ளே பஞ்சில் சுற்றி, பெற்றோலைக் குறைத்து விடுகிற இரண்டு சின்ன ஜெட். நுவரெலியாவுக்குப் போகிற கார்களுக்கு மாற்றிப் போட்டுப் பழகியவராம். இதைக் கார் தரும்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "நீங்க கேக்கல்லியே" என்றார். இந்த மனுசனுக்கு எத்தனை நட்சத்திரம் போடுவது என்று சொல்லுங்கள்.

மூன்றாவது கூரைக் கரியர், இது உண்மையான பிழை. குழாய் வளைத்துச் செய்து, நான்கு காலையும் சும்மா ஒட்டி வைத்திருந்தார். நல்ல ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை. இரிங்காவிலிருந்து ருவாஹா பூங்காப் பக்கம் போகிற மண் ரோட்டில், தகரக் கூரை மாதிரி வரி வரியாய் இருக்கும், பல்லெல்லாம் ஆடும், அதில் ஒரு மணித்தியாலத்தில் இரண்டு கால் விட்டுவிட்டது. மேலே இருந்த டயரும் பெற்றோல் கானும் பின்கண்ணாடியில் வந்து சாய்ந்தன. இரிங்காவுக்குத் திரும்பி ஒரு ஃபுண்டியிடம் போனோம். அங்கே மெக்கானிக்கை ஃபுண்டி என்கிறார்கள், நம் பாஸ் மாதிரி. ஒட்டை அவர் கையாலேயே உடைத்துக் காட்டினார். பிறகு பழைய லொறி டயரில் பட்டை வெட்டி, காலுக்கும் கூரைக்கும் நடுவில் வைத்துப் போல்ட்டால் இறுக்கினார். நடுக்கத்தை ரப்பர் தின்றுவிடும், ஒட்டு தின்னாது. பாவித்த முன் சொக் ஒரு சோடியும் அவரே தேடித் தந்தார். டர்பன் வரைக்கும் அதுதான் தாங்கியது.

நான்காவது என் பிழை. முன் சக்கரங்களைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகளின் புஷ் ரப்பர்களை மாற்றச் சொல்லி நானா மூன்று தடவை சொன்னார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, அப்பா போட்டது, விடுங்கள் என்றேன். "ரப்பருக்கும் வயசு இரிக்கு தம்பி" என்றார். சாம்பியாவின் பெரும் வட வீதியில், ம்பிகாவுக்குக் கிட்ட, அவை மாவாய்ப் போயின. கப்வேக்குள் அப்பாவின் கார் நண்டு மாதிரிக் கோணலாகத்தான் நுழைந்தது.

அதற்குப் பிறகு லிவிங்ஸ்டன், 2021இல் திறந்த கசுங்குலா பாலம், பொட்ஸ்வானாவின் நீட்டு ரோட்டு, எதிலும் சிக்கல் இல்லை. கப்பலில் ஏற்ற முன்பு டர்பனுக்குப் பக்கத்தில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் ஒரு தேங்காய் உடைத்தோம்.

ஊருக்கு வந்ததும் நேரே கராஜுக்குத்தான் போனேன், சண்டை பிடிக்கிற எண்ணத்தோடு. நானா நான் சொன்னதைக் காதில் வாங்காமல் ஸ்டூல் போட்டு ஏறி, இரிங்கா ஃபுண்டி வைத்த டயர்ப் பட்டையை விரலால் அமத்திப் பார்த்தார். பிறகு பொடியன்மார் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். கரியருக்கு எடுத்த பதினெட்டாயிரத்தைத் திருப்பித் தந்தார். சொக்குக்குத் தரவில்லை, அது கடைக்காரனின் பிழையாம்.

போகிறவர்களுக்கு: வெள்ளி மத்தியானம் பூட்டு. சாமானை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், கூலியைத் தனியாக எழுதி வாங்குங்கள். புஷ் மாற்றுவதற்கு இப்போது கார் அங்கேதான் நிற்கிறது. இரண்டு கிழமை என்றார், இன்றோடு ஆறாவது கிழமை.