மக்காச்சோள மானியம்: விலைக்கு வேலியா, வருமானத்துக்கு வேலியா?

அமெரிக்காவின் 2014 வேளாண் சட்டம், விளைந்தாலும் விளையாவிட்டாலும் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த நேரடிப் பணத்தை நிறுத்தியது. பதிலுக்கு இரண்டு திட்டங்களை வைத்தது. ஐயோவா போன்ற மக்காச்சோள மாநிலங்களின் விவசாயிகள் கவுன்ட்டி (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பிரிவு) வேளாண் அலுவலகத்துக்குப் போய், பயிருக்கு ஒன்று எனத் தேர்ந்து கையெழுத்திட வேண்டியிருந்தது. இட்டால் இட்டதுதான், 2018 பயிர் வரை மாற்ற முடியாமல் இருந்தது.

பி.எல்.சி. (விலை இழப்புக் காப்பு) எளிமையானது. மக்காச்சோளத்துக்குப் புஷலுக்கு (தானியத்தை அளக்கும் அமெரிக்க அளவு) 3.70 டாலர் எனச் சட்டமே ஓர் ஆதார விலையை எழுதிவைத்தது. நாட்டின் சராசரிச் சந்தை விலை அதற்குக் கீழே போனால், விழுந்த காசை அரசு தரும். இந்த ஆண்டு எவ்வளவு விளைந்தது என்று யாரும் கேட்பதில்லை. பதிவேட்டில் உள்ள பழைய மகசூலே கணக்கு.

ஏ.ஆர்.சி. (வேளாண் இடர்க் காப்பு) வருமானத்தைப் பார்க்கிறது. கடந்த 5 ஆண்டுகளில் உச்சத்தையும் அடிமட்டத்தையும் தள்ளிவிட்டு, கவுன்ட்டியின் சராசரி மகசூலையும் நாட்டுச் சராசரி விலையையும் பெருக்குகிறார்கள். 2014 சட்டப்படி, அதில் 86 சதவீதத்துக்குக் கீழே கவுன்ட்டி வருமானம் சரிந்தால் பணம் உண்டு. அந்தச் சட்டத்தில் உச்சவரம்பு, அந்தப் பெருக்குத் தொகையில் 10 சதவீதமாக இருந்தது. உங்கள் வயலில் மட்டும் ஆலங்கட்டி விழுந்தால் கணக்கில் வராது.

இரண்டிலும் பணம் கிடைப்பது, பழைய சாகுபடியை வைத்து நிர்ணயித்த அடிப்படை ஏக்கரில் 85 சதவீதத்துக்கு. அதுவும் அறுவடைக்கு அடுத்த ஆண்டு அக்டோபர் முதல்தான். ரசாயன உரக் கடைக்காரர் அதுவரை காத்திருப்பாரா என்பது வேறு கதை.

2014 பயிருக்கு மக்காச்சோள நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏ.ஆர்.சி.க்குப் போனது. காரணம் எளிது: 2012 வறட்சியில் 6.89 டாலருக்கு ஏறிய விலையின் சூடு அந்த 5 ஆண்டுச் சராசரியில் இன்னும் ஆறவில்லை. சராசரி 5.29 டாலர், அந்த ஆண்டின் விலையோ சரியாக 3.70. பி.எல்.சி.யில் ஒரு காசுகூட இல்லை. ஏ.ஆர்.சி.யில்? கவுன்ட்டியின் வழக்கமான மகசூல் 170 புஷல், அவ்வாண்டு 180 என்று வையுங்கள்: ஏக்கருக்குச் சுமார் 76 டாலர். வரப்புக்கு அந்தப் பக்கம் அடுத்த கவுன்ட்டி; அங்கே வழக்கம் அதே 170, ஆனால் 205 விளைந்திருந்தால் 13 டாலர்கூடத் தேறாது. ஒரே சாலையின் இருபுறமும் உள்ளவர்களுக்கு இப்படி வெவ்வேறு தொகை வந்தால் காபிக் கடையில் வேறு என்ன பேச்சு இருக்கும்?

ஆனால் சராசரிக்கும் மறதி உண்டு. 2017க்குள் அது 3.95 டாலருக்கு இறங்கிவிட்டது. விலை 3.36. மகசூல் வழக்கம்போல் இருந்த கவுன்ட்டிகளில் ஏ.ஆர்.சி. ஏறத்தாழ வறண்டது, பி.எல்.சி. புஷலுக்கு 34 சென்ட் கொடுத்தது. பதிவு மகசூல் 140 என்றால் ஏக்கருக்கு 40 டாலர்.

ஆக, விலை உயரத்திலிருந்து இறங்கத் தொடங்கும்போது ஏ.ஆர்.சி.; பள்ளத்திலேயே ஆண்டுக்கணக்கில் கிடந்தால் பி.எல்.சி. நாடு முழுக்க வறட்சி வந்து விலை ஏறினால் பி.எல்.சி. கைவிரிக்கும், உங்கள் கவுன்ட்டி பெரிதாகக் காய்ந்திருந்தால் ஏ.ஆர்.சி. ஓரளவு தாங்கும். தெற்கத்திய நிலக்கடலைக்காரர்கள் மட்டும் யோசிக்கவே இல்லை. டன்னுக்கு 535 டாலர் என்று அவர்களுக்கு வாய்த்த ஆதார விலை அவ்வளவு தாராளம். ஏறத்தாழ எல்லோரும் பி.எல்.சி.தான். அங்கே வேலியைக் கட்டியது சந்தை அல்ல, வாஷிங்டன் அரசியல் என்பது என் எண்ணம்.

ஐந்து ஆண்டுப் பூட்டுதான் இதில் பெரிய கொடுமையாக இருந்தது. 2018 சட்டம் அதைத் தளர்த்தி, 2021 முதல் ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ள விட்டது. 2025 ஜூலையில் வந்த சட்டம் மக்காச்சோள ஆதார விலையை 4.10 டாலராகவும், ஏ.ஆர்.சி. உத்தரவாதத்தை 90 சதவீதமாகவும் உயர்த்தியது. 2025 பயிருக்கு மட்டும் இரண்டில் எது கூடுதலோ அதுவே தானாகக் கிடைக்கும். 2026 பயிருக்கு மறுபடியும் பேனாவை எடுக்க வேண்டும்.