வார் கவர்: சரக்கு கப்பலை விட்டு இறங்கினால் காப்பும் இறங்கிவிடும்

தம்பு செட்டித் தெரு இறக்குமதியாளர்களிடம் மரைன் பாலிசியை (கடல்வழிச் சரக்குக் காப்பீடு) விற்கும்போது 'வார் அண்ட் எஸ்ஆர்சிசி' (போர்; வேலைநிறுத்தம், கலவரம், உள்நாட்டுக் குழப்பம்) என்று ஒரு வரியையும் சேர்த்துத் தருகிறார்கள். வாங்கலாம். எதுவரை செல்லும் என்று படித்துவிட்டு வாங்க வேண்டும்.

மரைனில் ஐசிசி என்னும் சரக்குக் காப்பீட்டு விதித்தொகுப்புகளில் ஆகப் பெரிய 'ஏ' எடுத்தாலும், போர்ச் சேதம் 6ஆம் பிரிவிலேயே கழிந்துவிடும். தனியாகப் பணம் கட்டி வாங்கும் வார் கிளாஸ்தான் அதைத் திரும்பக் கொண்டுவருகிறது. சரக்கு கப்பலில் ஏறிய பிறகே அது தொடங்கும். சென்னைத் துறைமுகத்தில் இறக்கியதும் முடியும். இறக்கத் தாமதமானால், கப்பல் வந்த நாளின் நள்ளிரவிலிருந்து 15 நாள்தான் கணக்கு. எது முந்துகிறதோ அது. பெட்டி மணலி சிஎஃப்எஸ்ஸில் (துறைமுகத்துக்கு வெளியே உள்ள கன்டெய்னர் கிடங்கு) கிடக்கும்போது போரில் குண்டு விழுந்தால் ஒரு பைசா வராது. எஸ்ஆர்சிசி பாதி அப்படியல்ல. கலவரம், பயங்கரவாதம் இரண்டுக்கும் வழக்கமான போக்குவரத்து முடிந்து குடோன் சேரும்வரை கூடவே வரும். ஒரே வரியில் இரண்டும் இருப்பதால் பலர் ஒன்றென்றே நினைத்துவிடுகிறார்கள்.

சிஐஎஃப் விலையில் (காப்பீடும் கப்பல் கூலியும் சேர்ந்த விலை) வாங்குபவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். இன்கோடெர்ம்ஸ் 2020 என்ற சர்வதேச வணிக விதிகளின்படி விற்பவர் எடுத்தாக வேண்டியது ஆகக் குறைந்த காப்பான ஐசிசி 'சி' மட்டுமே. வார் வேண்டுமென்றால் நீங்கள் கேட்டு, நீங்களே காசு கொடுக்க வேண்டும். பதற்றம் கூடினால் கம்பெனி 7 நாள் நோட்டீஸில் வார் கவரை நிறுத்தலாம். அதற்குள் கப்பலேறிய சரக்குக்குப் பாதிப்பில்லை.

கரைக்கு என்ன வழி? குடோனுக்கு எடுக்கும் தீ பாலிசியிலும் போர் விலக்குதான். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையில் கொளுத்தியது கரையில் நின்ற பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை. இன்று அதே மாதிரி நடந்தாலும் வார் கிளாஸ் எட்டிப் பார்க்காது. (ஹைகோர்ட் மதிலில் கல்வெட்டு இருக்கிறது, ஏஜென்ட் வரும்போது காட்டலாம்.)

மிச்சம் இருப்பது அரசாங்கம். 1962லும் 1971லும் மத்திய அரசு அவசரகாலக் காப்பீட்டுச் சட்டம் போட்டு, பிரீமியம் வாங்கிக்கொண்டு கரைச் சரக்கையும் காத்தது. அப்படிச் சட்டம் இல்லாவிட்டால் கோர்ட்தான். அதே பர்மா ஆயிலின் பர்மா நிலையங்களை 1942இல் ஜப்பானியர் கையில் சிக்கக்கூடாதென்று பிரிட்டிஷ் தரப்பே தகர்த்தது. போரில் அடிபட்டதற்கு இல்லை, தானே திட்டமிட்டு அழித்ததற்கு அரசு நஷ்டஈடு தர வேண்டும் என்று 1964இல் பிரிட்டனின் அன்றைய உச்ச நீதிமன்றமான லண்டன் பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்று தீர்ப்புச் சொன்னது. 1965இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போர்ச் சேதச் சட்டம் கொண்டுவந்து, அந்த உரிமையை முன்தேதியிட்டு ரத்து செய்தது.