ஃபிளாஷுக்கு எந்த ஏஏ பேட்டரி: சாதா எனேலூப்பா, எனேலூப் புரோவா?

கேமரா ஃபிளாஷுக்கு ரீசார்ஜ் பேட்டரி தேடுகிறவர்கள் கடைசியில் பானாசோனிக்கின் எனேலூப் பேட்டரியில் இந்த இரண்டு வகைகளுக்கும் நடுவில்தான் திணறுகிறார்கள். இரண்டும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை, இரண்டும் 1.2 வோல்ட். கொள்ளளவில் பெரிய எண்ணைப் பார்த்ததும் புரோவை எடுத்துவிட வேண்டாம்.

கொள்ளளவு
சாதா: சுமார் 2000 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி, பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் தேங்கும் என்பதன் அளவு).
புரோ: சுமார் 2500. ஒரு சார்ஜில் கால் பங்கு கூடுதல் ஃபிளாஷ்.

ஆயுள்
சாதா: பல நூறு முறை சார்ஜ் தாங்கும்.
புரோ: தயாரிப்பாளர் கணக்கிலேயே அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். எனக்கு இதுதான் பெரிய விஷயம். விலையும் புரோவுக்குத்தான் அதிகம்.

சும்மா வைத்திருந்தால்
சாதா: மாதக்கணக்கில் பையில் கிடந்தாலும் சார்ஜ் நிற்கும்.
புரோ: கொஞ்சம் சீக்கிரம் இறங்கும்.

சார்ஜ் செய்வதில் பெரிய வித்தியாசம் இல்லை, புரோவுக்கு நேரம் கூடும், அவ்வளவுதான். ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாகக் கவனித்து நிறுத்தும் சார்ஜர் இரண்டுக்குமே அவசியம்.

எதை வாங்கினாலும் ஒரே ஃபிளாஷில் இரண்டையும் கலக்காதீர்கள். ஃபிளாஷில் போடும் நான்கில் பலவீனமானது முதலில் காலியாகும். மற்ற மூன்றும் அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளும்போது அதன் துருவமே தலைகீழாகி, பேட்டரி பாழாகிவிடும். நான்கு நான்காகப் பிரித்து, மார்க்கரால் செட் எண் எழுதிவிடுங்கள்.

கல்யாண மண்டபத்தில் பேட்டரி மாற்ற அவகாசமே கிடைக்காதவருக்குப் புரோ. அவ்வப்போது படம் எடுப்பவருக்குச் சாதாவே சரி. மிச்சமாகும் காசில் இன்னொரு செட் வாங்கிக்கொள்ளலாம்.