ஆயிரம் வெள்ளிக்குள் ஒரு கணினி: லோ யாட்டில் வாங்கிய பழைய திங்க்பேட்

அக்காள் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த மறுநாளே, ஆயிரம் மலேசிய வெள்ளிக்கு மேல் போகாமல் ஒரு மடிக்கணினி வாங்கித் தர வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. குடும்பத்தில் யாராவது ஒருவர் ஒரு முறை அச்சுப்பொறியைச் சரிசெய்து கொடுத்துவிட்டால், அதன்பின் வாழ்நாள் முழுவதும் அவரே கணினி நிபுணர் என்ற வழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. 2025 செப்டம்பரில் கோலாலம்பூரின் கணினிப் பேரங்காடியான லோ யாட் பிளாசாவில் லெனோவோ திங்க்பேட் டி480 என்ற, அலுவலகம் ஒன்றில் உழைத்து ஓய்வுபெற்ற மடிக்கணினியை 780 வெள்ளிக்கு வாங்கினேன். அவள் அதை ஐந்து மாதங்கள் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். கணினியில் எனக்குக் குறையில்லை. வாங்கிய விதத்தில் சில குறைகள் உண்டு, அவற்றில் பாதி என்னுடையவை.

புதிய கணினியே வேண்டும் என்று அக்காள் முதலில் பிடிவாதமாக இருந்தார். பெட்டியைப் பிரிக்கும்போது வரும் அந்த மணத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த விலையில் நான் பார்த்த புதிய மடிக்கணினிகளில் பெரும்பாலானவை செலரான் என்4020 அல்லது என்4500 செயலி, பலகையோடு பற்றவைத்த 4 ஜிபி ரேம், 64 ஜிபி அல்லது 128 ஜிபி இஎம்எம்சி என்ற மெதுவான வகைச் சேமிப்பகம் என்ற அளவிலேயே நின்றன. அந்தச் செயலிகளில் இருப்பவை இரண்டே கருக்கள் (கணக்கிடும் பகுதிகள்). விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச அளவு 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பகமும் என்பதால், இவை நுழைவாயிலிலேயே மூச்சு வாங்கி நிற்கும் கணினிகள் என்று சொல்லலாம். 64 ஜிபியில் விண்டோஸும் அதன் புதுப்பிப்புகளும் அமர்ந்த பிறகு மாணவிக்கு மிஞ்சுவது சிறிதளவே. பற்றவைத்த ரேமைப் பிற்பாடு கூட்டவும் முடியாது. புதிதாக இருக்கும்போதே போதாமல் இருக்கும் ஒன்றுக்கு ஆயிரம் வெள்ளி கொடுப்பதைவிட, ஏழு ஆண்டு பழையதானாலும் திறந்து திருத்தக்கூடிய ஒன்றுக்கு அதே பணத்தைக் கொடுக்கலாம் என்று அக்காளிடம் வாதாடி வென்றேன்.

லோ யாட்டைப் பற்றிக் கோலாலம்பூர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. புக்கிட் பிந்தாங்கில் 1999ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் அந்தப் பேரங்காடிக்கு முன், அருகிலிருந்த இம்பி பிளாசாதான் கணினிக்காரர்களின் கூடாரம். இம்பி பிளாசாவின் நெரிசலிலும், கேஎல்சிசி மாநாட்டு மையத்தில் நடந்த கணினிச் சந்தைகளில் மலிவு விலைப் பென்டிரைவுக்காக நின்ற வரிசைகளிலும் என் இளமையின் கணிசமான பகுதி கழிந்திருக்கிறது. இப்போது கீழ்த்தளங்களைக் கைப்பேசிகள் பிடித்துக்கொண்டன. பழைய மடிக்கணினி விற்பவர்களையும் பழுது பார்ப்பவர்களையும் மேல் மாடிகளில்தான் தேட வேண்டும். வழிமறித்து "பாஸ், என்ன தேடுறீங்க?" என்று கேட்பவர்களுக்குத் தலையசைத்துவிட்டு நடந்துகொண்டே இருப்பது நல்லது, நின்று பதில் சொன்னால், நீங்கள் தேடாத ஒன்று உங்கள் கைக்கு வந்துவிடும்.

நான் வாங்கிய கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரே மாதிரியான பத்துப் பன்னிரண்டு டி480 மடிக்கணினிகள் மேசையில் அடுக்கப்பட்டிருந்தன. மூடியில் நிறுவனச் சொத்து எண் ஒட்டியிருந்த தடம் சிலவற்றில் அப்படியே தெரிந்தது. ஐ5-8250யு செயலி, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகம் ஆகியவை எல்லாவற்றுக்கும் பொது. திரையில்தான் வேறுபாடு இருந்தது. 1366க்கு 768 புள்ளிகள் கொண்ட, பக்கவாட்டில் பார்த்தால் வெளிறிப்போகும் திரைக்கு 720 வெள்ளி. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஐபிஎஸ் திரைக்கு 780 வெள்ளி. கடைக்காரர் இந்த வேறுபாட்டைத் தாமாகச் சொல்லவில்லை. கேட்ட பிறகே பிரித்துக் காட்டினார். நாள் முழுவதும் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கப் போகும் பிள்ளைக்கு அந்த 60 வெள்ளியை மிச்சப்படுத்துவது சிக்கனமாகாது.

ஏன் குறிப்பாக இந்த மாடல் என்பதற்குக் காரணம் இருக்கிறது. இன்டெல்லின் ஏழாம் தலைமுறையில் மெல்லிய மடிக்கணினிகளுக்கான ஐ5 செயலி இரண்டு கருக்களோடு வந்தது. எட்டாம் தலைமுறையில் அதே 15 வாட் மின்னளவில் நான்கு கருக்கள் வந்தன. பழைய கணினிச் சந்தையில் இதைவிடப் பெரிய எல்லைக்கோடு இல்லை. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் இன்டெல் செயலிகளின் பட்டியலும் ஏறத்தாழ அதே எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. விண்டோஸ் 10க்கான, பாதுகாப்புப் புதுப்பிப்புகள் அடங்கிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்த நிலையில், 450 வெள்ளிக்குக் கிடைக்கிறதே என்று ஏழாம் தலைமுறைக் கணினியை வாங்குவது, காலாவதித் தேதியைப் பார்க்காமல் பால் டின் வாங்குவதற்குச் சமம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு இந்த எச்சரிக்கை பொருந்தாது. அவர்களுக்கு அந்த 450 வெள்ளிக் கணினி நல்ல வேட்டை. அக்காள் மகளோ, பாடக்கட்டுரைகளை வேர்டில்தான் ஒப்படைக்க வேண்டும் என்று விரிவுரையாளர் சொல்லிவிட்டதாக முன்கூட்டியே அறிவித்துவிட்டாள்.

செயலியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குப் பினாங்குப் பெரியம்மாவின் நினைவு வருவதுண்டு. இன்டெல் தனது முதல் வெளிநாட்டு ஆலையை 1972இல் பினாங்கில் திறந்தது. அதைத் தொடர்ந்து பாயான் லெப்பாஸில் பெருகிய சில்லு ஆலைகளில் ஒன்றில் அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். உலகத்துக்கே சில்லுகளைச் சோதித்து அனுப்பியவர் வீட்டில், அவர் ஓய்வுபெறும்வரை ஒரு கணினி இருந்ததில்லை. அந்த விலைக்கு வாங்க முடிந்ததில்லை. பழையதை வாங்குவது கௌரவக் குறைவு என்று யாராவது சொன்னால் நான் சற்றுக் கடுமையாகவே பதில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கடையில் நின்று சோதித்தவற்றில் பயோஸில் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளில்) கடவுச்சொல் எதுவும் போட்டுப் பூட்டிவைக்கப்படவில்லை என்பதை முதலில் உறுதிசெய்தேன். நிறுவனங்களிலிருந்து வரும் கணினிகளில் அது மிஞ்சியிருந்தால் பிற்பாடு பெருந்தொல்லை. யுஎஸ்பி-சி துளைகள் இரண்டிலும் மின்னேற்றம் ஆகிறதா என்று செருகிப் பார்த்தேன். இதே காலத்துத் திங்க்பேட்களில், தண்டர்போல்ட் கட்டுப்படுத்தி என்ற சில்லின் பழைய நிலைபொருளால் (உள்மென்பொருளால்) அந்தத் துளைகள் செயலிழக்க வாய்ப்பு உண்டு என்பதால் லெனோவோவே அவசரப் புதுப்பிப்பை வெளியிட்டிருந்தது. நான் வாங்கிய கணினியில் அது முன்பே செய்யப்பட்டிருந்தது. விசைகள் அனைத்தையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். இவ்வளவு கவனமாக இருந்தவன் பேட்டரியில் கோட்டைவிட்டேன்.

டி480இல் பேட்டரிகள் இரண்டு. 24 வாட்-மணி அளவுள்ள ஒன்று உள்ளே நிலையாக இருக்கும். மற்றொன்றை அடிப்பக்கத்திலிருந்து கழற்றி மாட்டலாம். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் பேட்டரி அறிக்கையைக் கேட்டால், ஆலையிலிருந்து வந்தபோது இருந்த கொள்ளளவையும் இப்போது எஞ்சியிருக்கும் கொள்ளளவையும் அது எழுதிக் காட்டிவிடும். கடைக்காரர் "பேட்டரி தொண்ணூறு விழுக்காடு" என்றார். அறிக்கையைத் திறந்து முதல் பேட்டரிக்கு 80 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதைப் பார்த்ததும் மனம் நிறைந்து மூடிவிட்டேன். பக்கத்திலேயே இருந்த, கழற்றி மாட்டும் இரண்டாவது பேட்டரியின் எண்ணைப் படித்தது வீட்டுக்கு வந்த பிறகுதான்: 38 விழுக்காடு. மூன்று மாத உத்தரவாதத்தில் பேட்டரி அடங்காது என்பது ரசீதின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. மறுநாள் போய்க் கேட்டபோது அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள். சட்டப்படி அவர்கள் பக்கம் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் "தொண்ணூறு" என்று வாயால் சொன்ன எண்ணுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை.

கூடவே தந்த சார்ஜரும் திருப்தி தரவில்லை. பெயரில்லாத, சிரிம் என்ற மலேசியத் தரச்சான்று முத்திரை இல்லாத, அரை மணி நேரத்தில் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிற ஒன்று. விடுதி அறையில் இரவு முழுவதும் செருகிவைத்துவிட்டு ஒரு பிள்ளை தூங்கப் போகிறாள் என்ற நினைவே போதுமானதாக இருந்ததால், சிரிம் முத்திரையுள்ள 65 வாட் யுஎஸ்பி-சி சார்ஜரை 70 வெள்ளிக்குத் தனியாக வாங்கினேன். கழற்றும் பேட்டரிக்கு 48 வாட்-மணி அளவுள்ள மாற்றுத் தயாரிப்பு 150 வெள்ளி ஆயிற்று. அது அடியில் சற்றுப் புடைத்து நிற்பதால் கணினி சாய்வாக அமர்கிறது; தட்டச்சு செய்ய அது வசதியாகவே இருக்கிறது என்கிறாள்.

மேம்பாடு என்ற பெயரில் பணத்தைக் கரைப்பதற்கு லோ யாட்டைப் போன்ற இடம் வேறில்லை. அதனால் என்ன தேவை என்பதைவிட என்ன தேவையில்லை என்பதைப் பழுது பார்க்கும் தம்பி ஒருவரிடம் கேட்டேன். அவர் வேறொரு கடைக்காரர், தமிழ்ப் பையன். "அண்ணே, ரேம் மட்டும் ஒன்னு போடுங்க. எஸ்எஸ்டி இருக்கறதே போதும், அதுக்குக் காசு போடாதீங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. டி480இல் ரேம் துளைகள் இரண்டு. ஒன்றில் மட்டும் 8 ஜிபி இருந்ததால் மற்றது காலியாகக் கிடந்தது. அதே அளவில் இன்னொன்றைச் செருகியதும் மொத்தம் 16 ஜிபி ஆனதோடு, ரேமுக்கும் செயலிக்கும் இடையே இரு தடங்களில் தரவு ஓடத் தொடங்கியது. தனி வரைகலை அட்டை இல்லாமல் ரேமையே பகிர்ந்துகொள்ளும் இதுபோன்ற கணினியில், இந்த இரண்டாவது பயன் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருக்கிறது. பயன்படுத்திய ரேம் 65 வெள்ளி. எஸ்எஸ்டியின் கதை வேறு: இந்தக் கணினியில் வட்டுக்கான இடத்தில் அடாப்டர் வழியாகப் பொருத்தப்படும் என்விஎம்இ வகை வேக எஸ்எஸ்டிக்கு இரண்டு பிசிஐஇ தடங்கள்தான் (தரவுப் பாதைகள்தான்) கிடைக்கும், முழு வேகம் வராது. விநாடிக்கு 7,000 எம்பி என்று பெட்டியில் பொறித்த எஸ்எஸ்டியை இதில் மாட்டுவது, கம்பத்துச் சந்துக்குள் ஓட்டுவதற்குப் பந்தயக் கார் வாங்குவதைப் போன்றது. அதைத் தெரிந்தே விற்பவர்களையும், தெரிந்தே வாங்கி வேக அளவீட்டுப் படத்தை நண்பர்களுக்கு அனுப்பிப் பெருமைப்படுபவர்களையும் நான் அறிவேன்; ஒரு காலத்தில் நானும் அவர்களில் ஒருவன்தான்.

கணக்கைக் கூட்டினால் 1,065 வெள்ளி. ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பேட்டரி அறிக்கையை ஒழுங்காகப் படித்திருந்தால் விலையைக் குறைத்துப் பேசியிருக்கலாம் என்று அக்காள் இன்னும் நினைவூட்டிக்கொண்டிருக்கிறார்.

ஐந்து மாதப் பயன்பாட்டில் கணினி ஒரு முறையும் நிலைகுலையவில்லை. உலாவியில் இருபது பக்கங்கள், கூடவே வேர்டு, பின்னணியில் காணொளி வகுப்பு என்ற அவளுடைய வழக்கத்தைத் தாங்குகிறது. விசைப்பலகையைப் பற்றி மட்டும் ஒரு பத்தி எழுதலாம்: விசைகள் ஆழமாக இறங்கி எழுகின்றன, தட்டியது தட்டியதாக விரலுக்குத் தெரிகிறது. விண்டோஸிலேயே உள்ள தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில் அவள் தமிழ்மொழிக் கழகத்தின் அறிக்கைகளைத் தட்டச்சு செய்கிறாள். இதே மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய காலத்திலும், பின்னர் நாங்கள் தமிழ் எழுத்துருவைத் தனியாகத் தேடி நிறுவிக்கொண்டிருந்த காலத்திலும், கணினியில் தமிழ் என்பது வாங்கிய பிறகு சேர்க்க வேண்டிய ஒன்றாக இருந்தது. அவளுக்கு அது ஏற்கெனவே அங்கே இருக்கும் ஒன்று, நான் அதைச் சொன்னபோது "அப்படியா மாமா?" என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். குறைகளும் உண்டு. ஒலிபெருக்கியின் ஓசை தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதைப் போன்றது. காணொளிக் கருவியின் படம் மங்கல். பெரிய பேட்டரியோடு எடை இரண்டு கிலோவை நெருங்குகிறது. எல்ஆர்டி நகர ரயிலில் நின்றுகொண்டு போகும் நாள்களில் தோள்பட்டை வலிப்பதாகச் சொல்கிறாள். காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வரைவு, விளையாட்டு ஆகியவற்றுக்காக வாங்குபவர்கள் இதன் பக்கமே வரக்கூடாது.

இந்த மாடலைச் சுற்றி ஒரு வழிபாடே உருவாகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். டி வரிசையில் கழற்றி மாட்டும் பேட்டரியோடு வந்த கடைசித் தலைமுறை இது. அடுத்து வந்த டி490இல் பேட்டரி உள்ளே போனது, ரேமில் ஒன்றைப் பலகையோடு பற்றவைத்துவிட்டார்கள். அதனால் டி480க்கு ஒரு தனி மவுசு. அந்த மவுசுக்காகவே 1,200 வெள்ளி கேட்பவர்களையும் பார்த்தேன். அந்த விலையில் இதை நான் வாங்க மாட்டேன், 2020இல் வந்த டி14இன் முதல் தலைமுறையைத் தேடுவேன்.

இப்போது வாங்க நினைப்பவர்களுக்கு ரேம்தான் தலைவலி. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கான நினைவகத்தில் ஆலைகள் கவனத்தைத் திருப்பியதால் 2025இன் இறுதியிலிருந்து சாதாரண ரேமின் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. மைக்ரான் நிறுவனம் க்ரூசியல் என்ற தனது நுகர்வோர் பெயரையே கைவிடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. நான் 65 வெள்ளிக்கு வாங்கிய அதே பயன்படுத்திய 8 ஜிபி ரேமுக்கு, சென்ற வாரம் அந்தத் தம்பி 140 வெள்ளி சொன்னார், சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது. ஆகவே 8 ஜிபியோடு வாங்கிப் பிற்பாடு கூட்டிக்கொள்ளலாம் என்ற என் பழைய கணக்கு இப்போது செல்லாது. 16 ஜிபி முன்பே பொருத்தியதைக் கடையில் கேளுங்கள், நூறு வெள்ளி கூடுதலானாலும் கொடுங்கள், பேட்டரி அறிக்கையில் இரண்டு எண்களையும் படியுங்கள்.