18,500 ரூபாய்க்கு வேரே இல்லாத சைகஸ்

வாங்கி நட்ட சைகஸை (பார்க்கப் பனை மாதிரி இருக்கும் அழகுச் செடி) இன்று காலைதான் லேசாக ஆட்டிப் பார்த்தேன், கையோடு வந்துவிட்டது. அடியில் ஒரு வேர்கூட இல்லை. ரம்பத்தால் அறுத்த தட்டையான வெட்டு, சுற்றிலும் கறுப்பாகக் கொழகொழவென்று, ஒரே நாற்றம். 18,500 ரூபாய்!

பைபாஸ் ஓரம் இருக்கும் ஒரு பெரிய நர்சரி. இரண்டடி உயரக் கட்டை, மேலே விறைப்பான இலைகள். "20 வருஷச் செடி சார், கட்டை ஒரு அடி ஏறவே பல வருஷம் ஆகும்" என்றார் அங்கே விற்றவர். சைகஸ் அவ்வளவு மெதுவாகத்தான் வளரும், அது பொய்யில்லை. அந்த ஒரு உண்மையை வைத்துத்தான் என்னை வளைத்தார். அம்மா தயங்கியதும், "என் வீட்டு வாசல்லயே வெச்சிருக்கேன்மா" என்று போனில் படம் காட்டினார். அங்கேதான் விழுந்தோம். அடியில் கட்டியிருந்த சாக்கைப் பிரிக்கச் சொன்னேன். "பிரிச்சா வேர் அடிவாங்கிடும் சார்." இல்லாத வேர்!

"பனை மாதிரிதான், தினமும் தண்ணி விடுங்க" என்று வேறு சொல்லி அனுப்பினார். இது பனையே இல்லை. பூக்காது, கூம்புதான் விடும். (நாட்டு மருந்துக் கடை மதனகாமப்பூகூட இந்த இனத்து ஆண் கூம்புதான்.) தண்ணீர் தேங்கினால் வேருள்ள செடியே அழுகும்.

இரண்டாம் வாரம் இலை மஞ்சளானது. "புது இடம், செட் ஆகும்." அடுத்து பூஞ்சை மருந்தை அவர்களே என் தலையில் கட்டினார்கள். அப்புறம், "நீங்கதான் தண்ணி ஜாஸ்தி விட்டுட்டீங்க." அப்புறம், "ஓனர் லோடு எடுக்க ஆந்திராவுல கடியம் போயிருக்கார்." இப்போது போனே எடுப்பதில்லை. பில்லில் 'செடி 1, ரூ. 18,500' என்று மட்டும் இருக்கிறது.

விவரமாக எழுதப் பொறுமையில்லை. சாக்கைப் பிரித்து வேரைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். கட்டையை அழுத்திப் பாருங்கள், கல் மாதிரி இருக்கணும். இலையடியில் வெள்ளைச் செதில் பூச்சி இருந்தால் வேண்டாம். நாய் வளர்ப்பவர்கள் கவனம், செடி முழுக்க விஷம், விதை ரொம்ப மோசம். இவர் "ஒண்ணும் ஆகாது" என்றார்!

வேரில்லாத கட்டையையும் இலையை நறுக்கி, வெட்டைக் காயவிட்டு, மணலில் நட்டுப் பிழைக்கவைக்க முடியுமாம். அதைச் சொல்லி 3,000 கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன்.

கட்டையை வண்டியில் ஏற்றிவிட்டேன். பத்து மணிக்குத் திறப்பார்கள்.