நோட்டரி சீலை நம்பி ஒத்திக்குப் போனேன்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒத்திக்கு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கொடுத்தது 5 லட்சம். இதுவரை திரும்பி வந்தது 80 ஆயிரம்.

எங்களுக்குத் திசையன்விளை பக்கம். மகளைப் பதினொன்றாம் வகுப்புக்குப் பாளையங்கோட்டையில் சேர்த்ததால் குடும்பத்தோடு இங்கே வந்தோம். மாதாமாதம் வாடகை கொடுப்பதை விட ஒத்திக்குப் போனால் முதல் அப்படியே நிற்கும் என்று வீட்டில் பேசி முடிவு செய்தோம். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி: மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பது, காலம் முடிந்ததும் வீட்டை ஒப்படைத்துப் பணத்தைத் திரும்ப வாங்குவது, அதுதான் ஒத்தி. வேறு ஊர்களில் போக்கியம் என்பார்கள், சென்னையில் லீஸ் என்பார்கள். பணத்தில் பாதி சீட்டு எடுத்தது, மீதி மனைவியின் நகை.

வீடு ஒரு ஆச்சியின் பெயரில் இருந்தது. பேச வந்தது அவருடைய மகன். "அம்மாவுக்கு முட்டுவலி, வள்ளியூர்ல அக்கா வீட்ல இருக்கா. கையெழுத்த நானே வாங்கிட்டு வந்துருதேன்" என்றார். நம்பும்படியாகத்தான் இருந்தது. நம் வீட்டுப் பெரியவர்களில் யாருக்கு முட்டுவலி இல்லை?

சார்பதிவாளர் ஆபீஸில் பதிய வேண்டாமா என்று நான் கேட்கத்தான் செய்தேன். புரோக்கர் சிரித்தார். "எதுக்கு அண்ணாச்சி வீண் செலவு? பதிஞ்சா இருபத்தஞ்சாயிரம் கிட்ட ஆயிரும். நோட்டரில போட்டுருவோம். கவர்மெண்ட் சீல்லா அது!"

அந்தக் 'கவர்மெண்ட் சீல்'தான் என்னைக் கவிழ்த்தது. வட்ட முத்திரையில் அரசின் பெயர் இருப்பது உண்மை. நோட்டரியை நியமிப்பது அரசு என்பதால் அந்தப் பெயர் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்துக்கு அரசு ஜாமீன் நிற்கிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை. அன்றைக்கு இது எனக்குத் தெரியாது.

கோர்ட் பக்கம் ஒரு டைப்பிங் கடையில் 20 ரூபாய் முத்திரைத்தாளில் மூன்று வருட ஒத்தி என்று அடித்துக் கொடுத்தார்கள். ஆச்சியின் கையெழுத்தை மகன் வாங்கி வந்திருந்தார். தமிழில், சாய்வாக, நல்ல கையெழுத்து. என்னுடையதை பைக் சீட்டில் வைத்துப் போட்டேன். புரோக்கர் காகிதத்தை வாங்கிக்கொண்டு மாடி ஏறினார். நான் எதிரே டீக்கடையில் ஒரு வடையும் டீயும் சொன்னேன். டீ ஆறுவதற்குள் சீலோடு வந்துவிட்டார். 500 ரூபாய். என்ன வேகம் என்று அப்போது மெச்சிக்கொண்டேன் வேறு!

சீலுக்கு மேலே ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. இரு தரப்பாரும் என் முன்னிலையில் கையெழுத்திட்டார்கள் என்று பொருள். அந்த நோட்டரி என் முகத்தைப் பார்த்ததே இல்லை. நானும் அவரைப் பார்த்ததில்லை.

பதினான்கு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆச்சியின் மகள் கணவரோடு வந்து நின்றார். வீட்டை அம்மா தனக்குத் தானசெட்டில்மென்ட் எழுதிப் பதிந்து கொடுத்துவிட்டார், வில்லங்கம் போட்டுப் பார்த்தபோது சுத்தமாக இருந்தது, நீங்கள் வாடகைக்கு இருப்பதாகத்தான் தம்பி சொன்னான் என்றார். நான் உள்ளே போய் ஒத்திக் காகிதத்தை எடுத்து வந்து காட்டினேன். கையெழுத்தைப் பார்த்ததும் அந்தம்மா சிரித்துவிட்டார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"எங்க அம்மைக்குக் கையெழுத்தே போடத் தெரியாது அண்ணாச்சி. கைநாட்டுதான்."

செட்டில்மென்ட் பத்திரத்தின் நகலைக் காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் பெருவிரல் ரேகை.

மறுநாள் ஒரு வக்கீலிடம் போனேன். காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது ஒத்திப் பத்திரமே இல்ல" என்றார். போலிக் கையெழுத்தை விடுங்கள், ஆச்சியே வந்து கைநாட்டு வைத்திருந்தாலும் இந்தக் காகிதத்தால் ஒத்தி உரிமை வந்திருக்காது என்றார். சட்டத்தின் கண்ணில் ஒத்தியும் ஓர் அடமானம்தான்; கடன் தொகை 100 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், மூலப்பத்திரத்தை ஒப்படைத்து வைக்கும் அடமானம் தவிர மற்ற அடமானங்களைப் பதிந்தே ஆக வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறதாம். நூறு ரூபாய்க்கே அப்படி. பதியாத பத்திரத்தை வைத்து அந்த வீட்டின் மேல் உரிமை கோர 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் விடாது. வில்லங்கச் சான்று பதிவுப் புத்தகத்தைப் பார்த்துப் போடுவது. நோட்டரி போட்ட எதுவும் அதில் ஏறாது. அதனால்தான் அந்த மகள் பார்த்தபோது வீடு சுத்தமாக இருந்தது. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

வக்கீல் இன்னொன்றும் சொன்னார், அதுதான் ரொம்பச் சுட்டது. பதிந்த ஒத்தி என்றால் சொத்தின் மேல் வழக்குப் போட 12 வருட அவகாசம் இருக்கும். என்னுடையது வெறும் பண பாக்கி ஆகிவிட்டதால் மூன்றே வருடம்.

சார்பதிவாளர் ஆபீஸுக்குப் போயிருந்தால் ஆச்சி நேரில் வந்து, அடையாளம் காட்டி, போட்டோவும் விரல் ரேகையும் கொடுத்திருக்க வேண்டும். மகனின் கதை வாசலிலேயே முடிந்திருக்கும். முட்டுவலியும் ஒரு சாக்கு இல்லை. நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பதிந்து கொடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது.

நோட்டரிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிரமாணப் பத்திரம், நகல் சான்று என்று எத்தனையோ காரியத்துக்கு அவர்கள் வேண்டும். 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களுக்கு உள்ள வேலை, வந்திருக்கும் ஆள் இன்னார்தான் என்று பார்ப்பது, தன் முன்னால் கையெழுத்து வாங்குவது, அதைப் பதிவேட்டில் ஏற்றுவது. வீடு யாருடையது, அதன் மேல் கடன் இருக்கிறதா என்றெல்லாம் அவர்கள் பார்ப்பதில்லை. எனக்குச் சீல் வைத்தவர் அந்தச் சின்ன வேலையையும் செய்யவில்லை.

நேரில் போய்க் கேட்டேன். "வர்ற எல்லார் மொகமும் ஞாபகம் இருக்குமா? ஆளத் தெரியும்னு சொன்னது உங்க புரோக்கர்தான்" என்றார். பதிவேட்டைக் காட்டச் சொன்னேன். எங்கள் காகிதம் அதில் ஏறவே இல்லை. அப்புறம்தான் கவனித்தேன், சீலுக்குப் பக்கத்தில் வரிசை எண்ணும் இல்லை. உங்களிடம் நோட்டரி காகிதம் ஏதாவது இருந்தால் இன்றைக்கே எடுத்து அந்த எண்ணைத் தேடுங்கள்.

நோட்டரி மேல் அவரை நியமித்த அரசுக்குத்தான் புகார் எழுத வேண்டும், அதற்கு 13-ஆம் எண் படிவம் இருக்கிறது. நாமே கோர்ட்டுக்குப் போக முடியாது. அவர் தொழிலில் செய்த குற்றத்தை, அரசு அதிகாரம் கொடுத்த அதிகாரி எழுதிப் புகார் செய்தால்தான் கோர்ட் எடுக்கும். புகாரில் நானும் அவர் முன்னால் கையெழுத்துப் போடவில்லை என்று எழுத வேண்டியிருந்தது. கூச்சமாகத்தான் இருந்தது. எழுதினேன்.

மகன் 80 ஆயிரம் கொடுத்தார். மீதிக்குக் கொடுத்த செக் திரும்பிவிட்டது. வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது, போலீஸிலும் புகார் கொடுத்தாயிற்று. புரோக்கர் போனை எடுப்பதில்லை. ஆச்சியின் மகள் மூன்று மாதம் பொறுத்தார். இப்போது பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருக்கிறோம். இந்த ஓனரும் முதலில் 'பதினொரு மாசம், நோட்டரி' என்றுதான் ஆரம்பித்தார். 2019 முதல் நகரங்களில் வாடகை ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு என்றாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்று காட்டி, பதிந்த எண் வந்த பிறகுதான் சாமான்களை ஏற்றினேன்.

போன வாரம் ஆச்சி வள்ளியூரிலிருந்து காரில் வந்தார், அந்தக் கையெழுத்து தன்னுடையது இல்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுக்க. அதற்கும் நோட்டரிதான் வேண்டும். வக்கீல் வேறொருவரை ஏற்பாடு செய்திருந்தார். அவர் ஆபீஸும் மாடியில்தான். ஆச்சியால் படி ஏற முடியவில்லை. மகன் சொன்னதில் அது ஒன்று நிஜம். அந்த நோட்டரி பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கீழே இறங்கி வந்தார். காருக்குள் குனிந்து ஆச்சியின் பெயர் கேட்டார், ஆதாரைப் பார்த்தார், எழுதியிருந்ததைத் தமிழில் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினார். அப்புறம் மைப்பெட்டியை நீட்டினார். எல்லாம் முடிய அரை மணி நேரம் ஆனது.